அரிசிக் கடனும் அழகான சொற்களும்: ஊவாவில் சட்டம் யாரிடம் இளகியது?

பதுளை பஸ்ஸிலும், அப்புத்தளை டவுன் ஓட்டோ ஸ்டாண்டிலும், குடும்ப வட்ஸ்அப் குரூப்பிலும் இப்போதெல்லாம் மூன்று முறைப்பாடுகள் ஒன்றாகவே வருகின்றன. முதலாவது: "இந்தக் காலத்துல வாயைத் திறந்து ஒண்ணும் சொல்ல முடியல, எதைச் சொன்னாலும் குத்தம்." இரண்டாவது: "சும்மா குடுத்துக் குடுத்தே சனத்தைச் சோம்பேறியாக்கிட்டாங்க." மூன்றாவது: "குத்தம் செஞ்சவன் வெளிய ஜாலியாத் திரியுறான், சட்டத்துக்குப் பல்லே இல்ல." சொல்பவர்கள் கொழும்புப் பணக்காரர்கள் மட்டுமல்ல. லயத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் வயதுப் பிள்ளைகளும் சொல்கிறார்கள்.

இதை "பிற்போக்கு" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எங்களுக்கு விருப்பமில்லை. அந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் கோபம் போய்ச் சேரும் விலாசம் சரிதானா என்று பார்க்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் பழைய கதை தெரிந்திருக்க வேண்டும். பதுளை, ஹாலி-எல, பசறை, மடுல்சீமை, லுணுகலை, பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லந்தை என்று நீளும் இந்த மலைகளின் கதையை வைத்தே மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சும்மா கொடுத்தது யார்?

நிவாரணத்தில் தங்கியிருக்கும் மக்கள் என்று தோட்டத்து மக்களைச் சொல்வது இன்று நேற்று வந்த பேச்சில்லை. துரைமார் காலத்திலேயே தொடங்கியது. "நாங்கள் லயம் கொடுக்கிறோம், அரிசி கொடுக்கிறோம், கம்பளி கொடுக்கிறோம், மருந்து கொடுக்கிறோம்" என்பதுதான் அவர்கள் பெருமை.

கொடுத்தது உண்மைதான். ஆனால் எந்தக் கணக்கில் கொடுத்தார்கள்? தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து கங்காணி ஆட்களைக் கூட்டிவரும்போதே முன்பணம் என்ற பெயரில் கடன் ஏறிவிடும். வழிச்செலவு கடன். மலைக்குளிருக்குக் கொடுத்த கம்பளியும் கடன். தோட்டத்தில் மாதாமாதம் கொடுத்த அரிசியின் விலை கூலியிலிருந்து கழியும். செக்ரோலில் பேர் விழுந்த நாளுக்குத்தான் சம்பளம். கழிவெல்லாம் போக மிச்சம் என்ன என்பது கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும்தான் தெரியும். பல குடும்பங்களில் அந்தக் கடன் தீராமலே கிடந்தது.

அந்தக் கடனோடு வந்ததுதான் துண்டு. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், "இவர்கள் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இவர்களை விடுவேன்" என்று துரை எழுதித் தரும் சீட்டு வேண்டும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டும். கடன் தீர்ந்துவிடுமா? இல்லை, புதுத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். ஆளோடு சேர்ந்து கடனும் கைமாறும். 1921 இல் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை ஒழிக்க முடிந்தது. ஒரு மனுசன் தன் முதலாளியை விட்டுப் போக முடியாதபடி கட்டிவைத்துவிட்டு, "இவன் எங்களையே நம்பியிருக்கிறான்" என்று சொன்னால் எப்படி?

அடுத்தது அரசாங்கத்தின் முறை. இலங்கையின் இலவசக் கல்வி, இலவச மருத்துவம், அரிசிப் பங்கீடு ஆகியவை உலகமே பாராட்டிய விஷயங்கள். இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வந்தது? சுதந்திரத்துக்குப் பிறகு பல வருடங்கள் நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் தேயிலையிலிருந்து வந்தது. தேயிலை மீதான வரி அரசாங்கப் பெட்டிக்குப் போனது. அந்தப் பெட்டியிலிருந்துதான் நாட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் 1945 இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் அதற்கு வெளியிலேயே நின்றன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். நடுவில் ஒரு தலைமுறைக்கும் மேல் போய்விட்டது.

இன்னொன்றும் உண்டு, இது பலருக்குத் தெரியாது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33 ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. அதைக் காரணம் காட்டித் தோட்டத்துக்குள் ஒரு ரோட்டுப் போடவோ கிணறு வெட்டவோ பிரதேச சபைகள் பின்வாங்கின. தோட்டம் கம்பனி நிர்வாகத்தின் பொறுப்பு, அதனால் ஊர்ச் சபை கைவைக்கக் கூடாது என்பது வாதம். வாக்குப் போடலாம், உறுப்பினரைத் தெரிவு செய்யலாம். ஆனால் அந்த உறுப்பினரால் உங்கள் லயத்துக்கு முன்னால் ஒரு கானைக்கூட கட்டித்தர முடியாது. 2018 இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. இலவசம் வாங்கியே பழகிய சனம் என்று சொல்கிறவர்கள் இந்த 31 வருடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதனால் நிவாரண அரசியல் நல்லது என்று நாங்கள் சொல்லவில்லை. தேர்தல் வந்தால் கூரைத் தகரம், கோயில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் செட், பட்டியலில் பேர் சேர்க்க ஒரு தலைவர், பேர் வெட்ட இன்னொரு தலைவர். இதையெல்லாம் பார்த்து எரிச்சல் வராமல் இருந்தால்தான் அதிசயம். 1989 இல் ஜனசவிய, 1995 இல் சமுர்த்தி, 2023 இல் அஸ்வெசும என்று பெயர்கள் மாறின. தகரம் கொடுக்கும் கை மட்டும் மாறவில்லை. தகரம் கேட்டு நிற்கிறவனைத் திட்டுவது சுலபம். 150 வருடமாக ஒரே லயத்தில் இருந்தும் அந்த லயம் ஏன் அவன் பெயரில் இல்லை என்று கேட்பதுதான் கஷ்டம். வீட்டுக்கு உறுதிப்பத்திரம் இருந்தால் தகரத்தை அவனே வாங்கிப் போட்டுக்கொள்வான்.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 ஆம் தேதி காலை மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதே, அங்கேயும் விஷயம் இதுதான். அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை வந்திருந்தது. எச்சரிக்கையைப் படித்துவிட்டு ஒரு கிராமத்துக் குடும்பம் தன் காணியை விற்று வேறு இடம் போகலாம். தோட்டக் குடும்பத்துக்கு விற்க ஒரு பேர்ச் காணிகூட இல்லை. புதைந்தவர்களில் சிலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. நிவாரணத்தை எதிர்பார்க்கும் பழக்கம் அவர்களை அங்கே பிடித்துவைக்கவில்லை. காணி இல்லாததுதான் பிடித்துவைத்தது.

சொற்களின் விலை

இனி முதல் முறைப்பாட்டுக்கு வருவோம். "கள்ளத்தோணி", "தோட்டக்காட்டான்" என்ற சொற்களை இப்போது மேடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். முன்பு சொன்னார்கள். சிங்களப் பேரினவாதிகள் மட்டுமா சொன்னார்கள்? யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தமிழர்களே சொன்னார்கள். அதே குடும்பங்களில் ஒரு பகுதி ஒப்பந்தத்தில் இந்தியா போய், நீலகிரியில் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இறங்கியபோது அங்கே அவர்களுக்குச் "சிலோன்காரன்" என்று பெயர். இங்கே இந்தியாக்காரன், அங்கே சிலோன்காரன். அந்தச் சொற்களைச் சொல்லக் கூடாது என்று இன்று யாராவது தடுத்தால், அதில் யாருடைய சுதந்திரமும் பறிபோகவில்லை.

ஆனாலும் "நல்ல சொல்லால் என்ன பிரயோசனம்?" என்ற சலிப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. எங்கள் வரலாற்றில் பெரிய அடிகள் விழுந்தது கெட்ட சொற்களால் அல்ல. மிக நாகரிகமான சொற்களால்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. அடுத்த வருடமே 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதில் வம்சாவளி, பதிவு என்ற சொற்கள்தான் இருக்கும். தோட்டத் தொழிலாளி என்றோ இந்தியத் தமிழன் என்றோ திட்டும் சொல் எதுவும் இருக்காது. இலங்கையில் பிறந்தவர் தன் அப்பாவும் இங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும், அல்லது அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். எல்லோருக்கும் பொதுவான விதி மாதிரித்தான் தெரியும். ஆனால் பிறப்பே ஒழுங்காகப் பதியப்படாத லயத்தில், பூட்டன் பிறந்த சான்றிதழுக்கு எங்கே போவது? ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல் லட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். வாக்குரிமையும் போனது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1953 இல் அங்கேயும் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பு. சட்டத்தின் சொற்களில் பாரபட்சம் தெரியவில்லையாம்.

1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம் என்று எழுதினார்கள். 1974 இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். காகிதத்தில் அதற்குப் பெயர் "தாயகம் திரும்புதல்". பதுளையில் பிறந்து, பதுளையைத் தவிர வேறு ஊர் பார்க்காத ஒருவர் எப்படித் திரும்புவார்? முதல்முறையாகப் போகத்தான் முடியும். நாடற்ற நிலைக்குக் கடைசி முற்றுப்புள்ளி வைக்க 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருந்தோம்.

இப்போது நல்ல பெயர் வந்திருக்கிறது. 2024 சனத்தொகைக் கணக்கெடுப்பில் "இந்தியத் தமிழர்" என்பதோடு "மலையகத் தமிழர்" என்ற பெயரும் சேர்ந்தது. சின்ன விஷயம் என்று நாங்கள் நினைக்கவில்லை. நாட்டின் பதிவேட்டில் உங்களை வேற்று நாட்டின் பெயரால் எழுதுவதற்கும், நீங்கள் வாழும் மலையின் பெயரால் எழுதுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் பெயரோடு 7 பேர்ச் காணிக்கு உறுதிப்பத்திரமும் வந்ததா என்று பார்க்க வேண்டும். வராதவரை சனத்துக்குச் சலிப்பு வரத்தான் செய்யும். மரியாதையான சொல் வேண்டாம் என்பதால் வரும் சலிப்பு இல்லை அது. சொல்லை மட்டும் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொள்கிறவர்கள்மேல் வருவது.

சட்டம் இளகியது யாருக்கு?

மூன்றாவதுதான் எங்களுக்கு முக்கியமானது. சட்டம் இளகிவிட்டது என்கிறார்கள். ஊவா மலையில் சட்டம் எப்போது இறுக்கமாக இருந்தது, யாரிடம் இருந்தது என்று பார்க்கலாம்.

1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டுப் போவது குற்றம். கூலி பறிபோகும், அபராதம் விழும், சிறைக்கும் போகலாம். கவனியுங்கள்: களவு இல்லை, அடிதடி இல்லை, வேலையை விட்டதற்குச் சிறை. சேர். பொன்னம்பலம் அருணாசலம் 1919 இல் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிக் கழகத்தைத் தொடங்கி இதற்கு எதிராகப் பேசினார். 1920களின் தொடக்கத்தில்தான் இந்தத் தண்டனை விதிகள் போயின. அரை நூற்றாண்டுக்கும் மேல், சட்டத்துக்கு நன்றாகவே பல் இருந்தது.

1940 இல் பதுளைக்குப் பக்கத்தில் வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. லங்கா சமசமாஜக் கட்சியின் தொழிற்சங்கம் முன்நின்றது. தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் குழுவோடு கலந்து பேசியே நடப்பதாகத் துரை ஒத்துக்கொள்ளும் நிலை வந்தது. பிரட்டுக்களத்தில் தலைகுனிந்து நின்ற சனம், துரையை மேசைக்கு வரவைத்த நாள் அது. அரசாங்கம் இதை எப்படிப் பார்த்திருக்கும்? அந்த ஜூன் மாதமே என்.எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பிலிப் குணவர்தன, எட்மண்ட் சமரக்கொடி ஆகிய தலைவர்களைப் பிடித்து, விசாரணையே இல்லாமல் உள்ளே போட்டது. சங்கம் கட்டியவர்கள் விஷயத்தில் சட்டம் இளகவில்லை.

1983 ஜூலை 27 ஆம் தேதி பதுளை நகரில் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் பட்டப்பகலில் எரிந்தன. 21 வருடம் கழித்து, 2004 இல், அன்றைய ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க கறுப்பு ஜூலைக்காக மன்னிப்புக் கேட்டார். நல்ல சொல்தான். ஆனால் அதுவும் சொல்லோடு நின்றது.

பிறகு பிந்துனுவெவ. பண்டாரவளை டவுனிலிருந்து கொஞ்சத் தூரம்தான். அங்கே ஒரு முகாம் இருந்தது, பெயர் "புனர்வாழ்வு முகாம்". இதுவும் அழகான சொல். புலிகள் இயக்கத்தோடு தொடர்பு என்று பிடிக்கப்பட்டவர்களையும் சரணடைந்தவர்களையும் அங்கே வைத்திருந்தார்கள். பெரும்பாலும் வடக்கு, கிழக்கைச் சேர்ந்த இளைஞர்கள். பதின்ம வயதுப் பையன்களும் இருந்தார்கள். 2000 ஒக்டோபர் 24 இல் முகாமுக்குள் அவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு தகராறு. அடுத்த நாள், 25 ஆம் தேதி காலை, கத்தி, பொல்லுகளோடு பெரிய கூட்டம் ஒன்று முகாமுக்குள் புகுந்தது. 27 பேர் கொல்லப்பட்டார்கள், 14 பேர் காயமடைந்தார்கள். ஆயுதம் தாங்கிய பொலிஸார் ஏறத்தாழ 60 பேர் அந்த இடத்தில் இருந்தார்கள். இருந்தும் அந்த 27 உயிர்கள் காப்பாற்றப்படவில்லை. செய்தி பரவியதும் மலையகம் கொந்தளித்தது. தலவாக்கலை போன்ற நகரங்களில் ஆர்ப்பாட்டமும் மோதலும் நடந்தன.

2001 இல் ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழு அமைத்தார்கள். 41 பேர்மீது குற்றப்பத்திரம் போட்டார்கள். மூன்று நீதிபதிகள் சேர்ந்து விசாரித்தார்கள். 2003 ஜூலையில் தீர்ப்பு வந்தது: இரண்டு பொலிஸ்காரர்களுக்கும் மூன்று ஊர்க்காரர்களுக்கும் மரண தண்டனை. மேன்முறையீட்டில், 2005 மே மாதம் முடிவதற்குள், அந்த ஐந்து பேரும் உயர் நீதிமன்றத்தால் விடுதலையானார்கள். குற்றத்தை நிரூபிக்கச் சாட்சியம் போதவில்லை. ஆக, அரசாங்கத்தின் காவலில் இருந்த 27 பேரைக் கொன்றதற்கு, சட்டத்தின் கணக்கில் இன்று ஒரு குற்றவாளிகூட இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். "தண்டனை கடுமையாக இருந்தால் சரியாகிவிடும், தூக்கில் போட்டால் பயம் வரும்" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். இலங்கையில் 1976 க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை, அதுதான் பிரச்சினை என்கிறார்கள். பிந்துனுவெவ வழக்கில் விதித்தது மரண தண்டனைதான். அதைவிடக் கடுமையான தண்டனை சட்டப் புத்தகத்தில் இல்லை. ஆனால் மேன்முறையீட்டில் தாங்கக்கூடிய சாட்சியம் சேர்க்கப்படவில்லை. குறைந்துபோனது தண்டனையின் கடுமை இல்லை. புலன்விசாரணைதான் குறைந்துபோனது. போதாத சாட்சியத்தோடு வந்தவரை நீதிமன்றம் விடுவிப்பதைக்கூட நாங்கள் குறை சொல்லவில்லை. அந்த விதி எல்லோருக்கும் வேண்டும். சாட்சியம் ஏன் போதாமல் போனது என்பதுதான் கேள்வி.

இதே நாட்டில் 1979 இலிருந்து பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கிறது. 2022 வரை, வழக்கே இல்லாமல் 18 மாதம் வரை ஒருவரைத் தடுத்துவைக்க முடிந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமே அவருக்கு எதிரான சாட்சியமாகும். அதாவது ஒரு பக்கம் சாட்சியம் வேண்டியதில்லை, கையெழுத்து போதும். இன்னொரு பக்கம் 27 பிணங்கள் கிடந்தும் சாட்சியம் போதாது. இதை "சட்டம் இளகிவிட்டது" என்று சொன்னால் பாதி உண்மைதான். சிலரிடம் இளகியிருக்கிறது, சிலரிடம் இரும்பாக இருக்கிறது. ஆளைப் பார்த்துத்தான்.

அப்படியானால்?

மூன்று முறைப்பாடுகளையும் திரும்பிப் பாருங்கள். மூன்றிலும் கோபம் கீழே பார்த்தே பாய்கிறது: தகரம் கேட்பவன்மேல், மரியாதை கேட்பவன்மேல், பிடிபட்ட சின்னக் கள்ளன்மேல். ஊவாவின் 150 வருடக் கதை வேறு பக்கம் கையைக் காட்டுகிறது. கடனைக் கட்டிவைத்த தோட்டம், நாகரிகமான சொல்லால் உரிமையைப் பறித்த பாராளுமன்றம், காவலில் இருந்தவர்களைக் காக்காத காவல். கோபத்தைக் கைவிடச் சொல்லவில்லை. கொஞ்சம் மேலே பார்த்துக் கோபப்படுங்கள் என்கிறோம்.

எங்கள் வாசகர்களிடம் ஒரு வேலையும் கேட்கிறோம். வீட்டில் தாத்தா, அம்மாச்சி யாராவது இருந்தால், அந்தத் தகரப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பழைய பிறப்புப் பதிவு, பிரஜாவுரிமைச் சான்றிதழ், சம்பளத் துண்டு, சங்கத்துச் சந்தா ரசீது, இந்தியா போன மாமா எழுதிய கடிதம், எது இருந்தாலும் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த வருடம் என்று அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். ஒரு காலத்தில் பூட்டனின் ஒரு சான்றிதழ் இல்லாததால்தான் லட்சக்கணக்கானோர் நாடற்றுப் போனார்கள். பிந்துனுவெவவில் சாட்சியம் போதவில்லை என்றார்கள். அடுத்த முறை யாராவது கேட்கும்போது காட்ட எங்கள் கையில் காகிதம் இருக்கட்டும்.